ரெண்டு ஃபைலும் ஒண்ணுதானா? சிஎம்பி பத்தி வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, “ரெண்டு ஃபைல் அச்சு அசலா ஒண்ணுதானான்னு சந்தேகம் வந்தா சிஎம்பி போட்டுப் பாருங்க”ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். சிஎம்பிங்கறது ரெண்டு ஃபைலை பைட் பைட்டா ஒப்பிட்டுப் பார்க்கற ஒரு கமாண்டு. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க் கிர்ர்னு சத்தம் போட ஆரம்பிச்சதால பத்து வருஷ போட்டோ, வீடியோ எல்லாத்தையும் புதுசுக்கு காப்பி பண்ணிட்டேன். ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒண்ணு, மொத்த சைஸும் ஒண்ணு. பழசை ஃபார்மட் பண்ணிடலாமா?

பதில்: இன்னிக்கு பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. சைஸ்ங்கறது எத்தனை பைட் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், அந்த பைட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. எனக்கே ஒரு தடவை நடந்துச்சு. ஒரு பெரிய வீடியோவை காப்பி பண்றப்போ நடுவுல கேபிள் லேசா ஆடிடுச்சு, நான் திரும்ப சொருகிட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன், ஏன்னா புது டிஸ்க்ல அந்த ஃபைல் அதே பேர்ல அதே சைஸ்ல இருந்துச்சு, சின்னப் படமும் தெரிஞ்சுது, ஓட்டிப் பார்த்தேன், முதல் ரெண்டு நிமிஷம் நல்லா ஓடுச்சு. ஆனா சில காப்பி புரோகிராம் என்ன பண்ணும்னா முதல்லயே மொத்த இடத்தையும் பிடிச்சு வச்சுட்டு அப்புறம்தான் உள்ள நிரப்பிக்கிட்டே வரும், அது பாதியில நின்னா சைஸ் முழுசா இருக்கும், உள்ள மீதி வெறும் பூஜ்யம்தான். மனசு கேக்காம சிஎம்பி போட்டேன், பாதி தூரம் போய் ஒரு பைட் நம்பரைக் காட்டி இங்க மாறுதுன்னு நின்னுச்சு. அந்த இடத்துக்கு மேல என்னதான் இருக்குன்னு மைனஸ் எல் போட்டு முதல் இருபது வரி மட்டும் பார்த்தேன். அப்படிப் போட்டா மாறுற ஒவ்வொரு பைட்டையும் இடம், முதல் ஃபைல்ல உள்ளது, ரெண்டாவதுல உள்ளதுன்னு மூணு காலமா, அதாவது நெடுவரிசையா காட்டும். நடுக் காலத்துல 115, 47, 302ன்னு விதவிதமா நம்பர், கடைசிக் காலத்துல மேல இருந்து கீழ வரைக்கும் 0, 0, 0, 0. அந்தப் பூஜ்ய வரிசையைப் பார்த்தப்போ வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா ஒரிஜினலை அன்னைக்கு சாயங்காலம் அழிக்கறதா இருந்தேன்.

சரி, எப்படிப் போடறது. டெர்மினலைத் திறந்து சி, எம், பி மூணையும் சின்ன எழுத்துல சேர்த்து அடிங்க, ஒரு ஸ்பேஸ், முதல் ஃபைல் பேர், ஒரு ஸ்பேஸ், ரெண்டாவது ஃபைல் பேர், எண்டர். பேருக்குள்ள இடைவெளி இருந்தா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும், இல்லைன்னா அது ஒரு பேரை ரெண்டு ஃபைலா எடுத்துக்கும். ரெண்டும் ஒண்ணுன்னா அது ஒரு வார்த்தை பேசாது, சும்மா அடுத்த வரிக்கு வந்து நிக்கும். புதுசா பார்க்கறவங்க வேலையே செய்யலை போலன்னு நினைச்சுக்கறாங்க, இல்லை, அந்த மௌனம்தான் “ஒண்ணுதான்”ங்கற பதில். மாறியிருந்தா மட்டும் எத்தனாவது பைட், எத்தனாவது லைன்னு ஒரு வரி சொல்லிட்டு அங்கயே நிறுத்திடும், மிச்சத்தைப் படிக்காது.

உங்களுக்கு ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கும், ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு உக்காரமுடியாது. அதுக்கு டிஃப் கமாண்டை மைனஸ் ஆர், மைனஸ் க்யூ ரெண்டும் சேர்த்து ரெண்டு ஃபோல்டர் பேரையும் குடுத்தா உள்ள இருக்கற எல்லா ஃபைலையும் ஜோடி ஜோடியா ஒப்பிட்டு, மாறுறதையும் ஒரு பக்கம் மட்டும் இருக்கறதையும் வரிசையா சொல்லும். நேரம் எடுக்கும், ராத்திரி ஓடவிட்டுட்டுத் தூங்கப் போங்க.

இதுல ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. காப்பி முடிஞ்ச உடனே ஒப்பிட்டா கம்ப்யூட்டர் அந்த ஃபைலை டிஸ்க்ல இருந்து படிக்காம மெமரியில ஏற்கெனவே வச்சிருக்கறதைக் காட்டிடலாம், அப்போ நீங்க டிஸ்க்கை சோதிச்ச மாதிரியே ஆகாது. அதனால புது டிஸ்க்கை முறையா எஜெக்ட் பண்ணி, கழட்டி, மறுபடி சொருகிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா இதை விட்டா மத்ததுக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: மைனஸ் எல் போட்டா மூணு காலம் வருது. முதல் காலம் இடம்னு புரியுது. மத்த ரெண்டுலயும் 8, 9 வரவே மாட்டேங்குதே, அது என்ன கணக்கு?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. முதல் காலம் நாம சாதாரணமா எண்ற தசம எண், அடுத்த ரெண்டும் ஆக்டல், அதாவது 0 முதல் 7 வரைக்கும் உள்ள இலக்கங்களை மட்டும் வச்சு எழுதறது. அதான் 8, 9 இல்லை. ஒரு பைட்டோட அதிகபட்ச மதிப்பு 255, அது ஆக்டல்ல 377, அதுக்கு மேல அந்தக் காலத்துல எதுவும் வராது. யூனிக்ஸோட முதல் பதிப்பு 1971ல வந்தப்பவே சிஎம்பி அதுல இருந்துச்சு, அப்போ அந்த உலகத்துல ஆக்டல்தான் புழக்கம், அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு.

இன்னொண்ணு, சிஎம்பி 1ல இருந்து எண்ண ஆரம்பிக்கும், ஃபைலோட பைட்டை நேரடியா காட்டற ஹெக்ஸ் எடிட்டர் எல்லாம் 0ல இருந்து எண்ணும். சிஎம்பி 500ன்னு சொன்னா ஹெக்ஸ் எடிட்டர்ல 499க்குப் போகணும், அதுவும் அங்க பதினாறு அடிமானத்துல காட்டினா மாத்திக்கிட்டுப் போகணும். இந்த ஒண்ணு வித்தியாசத்துல பக்கத்து பைட்டை முறைச்சுப் பார்த்துக்கிட்டு அரை நாள் போக்கினவங்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் ஒரு தமிழ் அகராதித் தொகுப்பு வேலை பார்க்கறேன். ரெண்டு பேர் தட்டச்சு செஞ்ச ஃபைல், ரெண்டுலயும் “கொடி”ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சோதனைக்குப் போட்டேன். கண்ணுக்கு ஒரே மாதிரி, ஃபான்ட்டும் ஒண்ணு. ஆனா சிஎம்பி 6ஆவது பைட்ல மாறுதுன்னு அடம் பிடிக்குது. அதுல ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு சிஎம்பில இல்லை, நம்ம எழுத்தை கம்ப்யூட்டர்ல வைக்கற முறையில ரெண்டு வழி இருக்கறதுதான் காரணம். இந்தக் கேள்வி வந்ததுக்கே ரொம்ப சந்தோஷப்பட்டேன், தமிழ்ல வேலை பார்க்கற எல்லாரும் ஒரு தடவையாவது இதை உள்ள போய்ப் பார்த்துடணும்.

எழுத்தை பைட்டா மாத்தி வைக்கற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் ஃபைல்ல க, அடுத்து ஒகரக் குறி முழுசா ஒரே குறியீடா, அடுத்து ட, அடுத்து இகரக் குறி, ஆக நாலு குறியீடு, 12 பைட். ரெண்டாவது ஃபைல்ல அடிச்சவரோட கீபோர்டு ஒகரத்தை ரெண்டா உடைச்சு, ஒற்றைக் கொம்பு தனியா, கால் தனியான்னு வச்சிருக்கு, ஆக அஞ்சு குறியீடு, 15 பைட். திரையில வரையறப்போ ரெண்டும் “கொ”ன்னே வந்து நிக்கும். யூனிகோடே இந்த ரெண்டு வடிவமும் சமம்னு அறிவிச்சிருக்கு, ஆனா சிஎம்பிக்கு எழுத்து, சொல், தமிழ் எதுவும் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது பைட் மட்டும்தான்.

பைட் பைட்டா பார்க்கலாம் வாங்க. க-வோட மூணு பைட் 340, 256, 225, ரெண்டு ஃபைல்லயும் ஒண்ணு. 4, 5ஆவது பைட் 340, 257, அதுவும் ஒண்ணுதான், ஏன்னா ஒகரக் குறியும் ஒற்றைக் கொம்பும் யூனிகோடு அட்டவணையில கிட்டத்துலதான் இருக்கு. 6ஆவதுலதான் பிரியுது, ஒருத்தர்கிட்ட 212, இன்னொருத்தர்கிட்ட 206. அப்புறம் 9ஆவது பைட்ல 237க்கு எதிரா 276, அதாவது இவர்கிட்ட ட வர்ற இடத்துல அவர்கிட்ட கால் வந்து நிக்குது. அதுக்கப்புறம் எல்லாம் மூணு பைட் தள்ளிப் போயிடுச்சு, அதனால 12லயும் மாறும். கடைசியா முதல் ஃபைல் தீர்ந்து போச்சுன்னு இஓஎஃப்னு ஒரு வரி வரும்.

ஒகரம் மட்டுமில்லை, ஓகாரமும் ஔகாரமும் இதே கதைதான். அகராதிக்கு இது சாதாரண விஷயம் இல்லை, ஒரு வடிவத்துல தேடினா இன்னொரு வடிவத்துல இருக்கறது சில புரோகிராம்ல அகப்படவே அகப்படாது, அகரவரிசைப்படுத்தறப்போ ஒரே சொல் ரெண்டு தடவை நிக்கும். தீர்வு என்னன்னா ஒப்பிடறதுக்கு முன்னாடி எல்லா ஃபைலையும் நார்மலைஸ் பண்ணி ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாங்க, என்எஃப்சின்னு சொல்ற வடிவம்தான் உடையாத முழுக் குறியீடு. பைத்தான்ல யூனிகோடுடேட்டாங்கற மாட்யூல் கூடவே வருது, ரெண்டு மூணு வரியில முடிஞ்சுடும். அதுக்கப்புறமும் சிஎம்பி மாறுதுன்னு சொன்னா அப்போ அது பெரும்பாலும் உண்மையான எழுத்துப் பிழையா இருக்கும்.

இதே ரகத்துல கண்ணுக்குத் தெரியாம மாறுற இன்னும் ரெண்டைச் சொல்லிடறேன். முதல் பைட்லயே மாறுது, மைனஸ் எல்ல ஒரு பக்கம் 357, 273, 277ன்னு வருதுன்னா அந்த ஃபைலோட தலையில பிஓஎம்னு ஒரு அடையாளத்தை எடிட்டர் ஒட்டிடுச்சுன்னு அர்த்தம். முதல் வரி முடியற இடத்துல ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 12ன்னு வந்தா ஒண்ணு விண்டோஸ்ல சேமிச்சது, இன்னொண்ணு லினக்ஸ்லயோ மேக்லயோ சேமிச்சது, வரி முடிவுக்கு விண்டோஸ் ரெண்டு பைட் போடும், மத்தது ஒண்ணுதான் போடும்.

கேள்வி: ஒரு ஃபைல் ஆரம்பத்துல ஒரே ஒரு ஸ்பேஸ் சேர்த்தேன், அவ்வளவுதான். மைனஸ் எல் போட்டா ஸ்க்ரீன் நிக்காம ஓடுது. ஒரு ஸ்பேஸுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பதில்: வரிசையில நிக்கறவங்களை நினைச்சுக்கோங்க, முன்னாடி ஒருத்தர் புகுந்துட்டா பின்னாடி இருக்கற அத்தனை பேரோட நம்பரும் மாறிடும்ல, அதேதான். சிஎம்பி இந்த ஃபைலோட 100ஆவது பைட்டை அந்த ஃபைலோட 100ஆவது பைட்டோட மட்டும்தான் ஒப்பிடும், ஒண்ணு நகர்ந்திருக்குமோன்னு தேடிப் பார்த்து சேர்த்துக்கற புத்தி அதுக்குக் கிடையாது. அந்தப் புத்தி உள்ளது டிஃப், அது ரெண்டுக்கும் பொதுவான வரிகளைக் கண்டுபிடிச்சு மிச்சத்தை மட்டும் காட்டும். எழுத்து ஃபைலுக்கு டிஃப், படம், வீடியோ, டிஸ்க் இமேஜ் மாதிரிக்கு சிஎம்பின்னு வச்சுக்கோங்க. எவ்வளவு பைட் தலையில சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சா மைனஸ் ஐ குடுத்து, உங்க விஷயத்துல 0:1ன்னு போட்டீங்கன்னா முதல் ஃபைல்ல எதையும் விடாம, ரெண்டாவதுல ஒரு பைட்டைத் தாண்டி ஒப்பிடும், சத்தமே இல்லாம முடிஞ்சுடும்.

கேள்வி: ஒரே பாட்டு, ஒரே இடத்துல இருந்து எடுத்தது, ரெண்டு ஃபோல்டர்ல இருக்கு. சைஸும் ஒண்ணு. ஆனா சிஎம்பி மாறுதுங்குது.

பதில்: எத்தனை பைட் மாறுதுன்னு முதல்ல எண்ணுங்க, மைனஸ் எல் வெளியீட்டை, வரியை எண்ணிச் சொல்ற டபிள்யூசி மைனஸ் எல்லுக்குப் பைப் பண்ணினா எண்ணிக்கை வந்துடும். நூத்துக்கும் கம்மியா, அதுவும் ஃபைலோட கடைசி 128 பைட்டுக்குள்ள மட்டும் மாறுதுன்னா அது பாட்டே இல்லை, ஐடி3 டேக். பழைய வகை டேக் எம்பி3 ஃபைலோட வாலுல 128 பைட்ல உக்காந்திருக்கும், பாட்டுப் பேர், பாடினவர் பேர், வருஷம் எல்லாம் அதுல. பிளேயர்ல யாரோ பேரைத் திருத்தியிருப்பாங்க.

ஜிஜிப் பண்ணி சுருக்கின ஃபைல்லயும் இது நடக்கும், உள்ள இருக்கறது ஒண்ணா இருந்தாலும் 5ல இருந்து 8 வரைக்கும் உள்ள பைட்ல நேரத்தை எழுதி வைக்கறதால அங்கயே மாறிடும். அதுக்கு இசட்சிஎம்பின்னு தனியா ஒண்ணு இருக்கு, விரிச்சுப் பார்த்து ஒப்பிடும்.

கேள்வி: ஐஎஸ்ஓ ஃபைலை பென் டிரைவ்ல ஏத்தினேன். சரியா ஏறிச்சான்னு சிஎம்பி போட்டா, இஓஎஃப்னு என்னமோ சொல்லுது. கெட்டுப் போச்சா?

பதில்: இல்லவே இல்லை, அது நல்ல சேதி. பென் டிரைவ் பெருசு, ஐஎஸ்ஓ சின்னது, அதனால “ஐஎஸ்ஓ இந்த இடத்துல முடிஞ்சு போச்சு, அதுவரைக்கும் எல்லாம் ஒண்ணுதான்”னு சொல்லுது. அந்த வரியில வர்ற பைட் எண்ணிக்கையும் ஐஎஸ்ஓ சைஸும் சரியா ஒண்ணா இருந்தா முடிஞ்சுது வேலை. அந்த வரியே வேண்டாம்னா லினக்ஸ்ல மைனஸ் என் போட்டு ஐஎஸ்ஓவோட சைஸை பைட்ல குடுங்க, அத்தனை பைட் மட்டும் பார்த்துட்டு நிறுத்திடும். முதல் பதில்ல சொன்ன மாதிரி பென் டிரைவைக் கழட்டி மாட்டிட்டு செய்யுங்க. ஆனா மாட்டினதும் அதைத் திறந்து பார்க்காதீங்க, சில சிஸ்டம் அதுல தானா எதையாவது எழுதி வச்சுடும், அப்புறம் நிஜமாவே மாறிடும்.

கேள்வி: எம்டி5 நம்பர் ரெண்டும் ஒண்ணா இருந்தா போதாதா? எதுக்கு பைட் பைட்டா?

பதில்: எம்டி5ங்கறது ஃபைலுக்குள்ள இருக்கறதை வச்சு கணக்கு போட்டு எடுக்கற ஒரு சின்ன நம்பர், இந்த மாதிரி நம்பரை ஹாஷ்னு சொல்வாங்க. தற்செயலா கெட்டுப் போச்சான்னு பார்க்க எம்டி5 போதும், யாராவது வேணும்னே மாத்தினாங்களான்னு பார்க்க போதாது. 2004லயே ஒரே எம்டி5 வர்ற ரெண்டு வேற வேற தகவலை உண்டாக்கிக் காட்டிட்டாங்க. 2017 பிப்ரவரியில ஆம்ஸ்டர்டாம்ல உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, எம்டி5 மாதிரியே இன்னொரு ஹாஷான எஸ்ஹெச்ஏ-1 ஒரே மாதிரி வர்ற ரெண்டு பிடிஎஃப் வெளியிட்டாங்க, சைஸும் ஒண்ணு, எஸ்ஹெச்ஏ-1 நம்பரும் ஒண்ணு, ஆனா திறந்தா நிறம் வேற. அந்த ரெண்டையும் சிஎம்பிகிட்ட குடுத்தா 193ஆவது பைட்ல மாறுதுன்னு சட்டுனு சொல்லிடும்.

ரெண்டு ஃபைலும் உங்க கையில, ஒரே மெஷின்ல இருந்தா நேரா சிஎம்பிதான், நடுவுல ஒரு நம்பர் எதுக்கு. ஆரம்பத்துலயே மாறினா உடனே நின்னுடும், ஹாஷுக்கு ரெண்டையும் கடைசி வரைக்கும் படிச்சாகணும். ஒரு ஃபைல் இங்க, இன்னொண்ணு வேற ஊர் சர்வர்ல இருக்குன்னா எஸ்ஹெச்ஏ-256 போட்டு நம்பரை ஒப்பிடுங்க, முழு ஃபைலையும் இழுத்துக்கிட்டு வர வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ்ல சிஎம்பி இல்லையே?

பதில்: எஃப்சி இருக்கு, கூடவே சாய்கோடு பி போடணும், அப்போதான் பைட் பைட்டா பார்க்கும். இது 0ல இருந்து எண்ணும், நம்பரெல்லாம் பதினாறு அடிமானம். பவர்ஷெல்ல வெறும் எஃப்சின்னு அடிச்சா வேற ஏதோ கமாண்டுக்குப் போயிடும், எஃப்சி புள்ளி இஎக்ஸ்இன்னு முழுசா அடிங்க. மேக்ல சிஎம்பி கூடவே வருது.

கேள்வி: டூப்ளிகேட் ஃபைலை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எதுவும் காட்டாம ஒப்பிடற சிஎம்பி மைனஸ் எஸ் போட்டு, ஒண்ணுன்னா முதல் ஃபைலை ஆர்எம் பண்ணி அழிச்சுடும். ஓட்டினதுக்கு அப்புறம் சில போட்டோ எங்கயுமே இல்லை. சிஎம்பி தப்பா சொல்லிடுச்சா?

பதில்: படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. முதல்ல அந்த டிஸ்க்ல இனிமே எதையும் எழுதாதீங்க, அப்படியே நிறுத்தி வைங்க, ரெகவரி புரோகிராமை வேற டிஸ்க்ல இருந்து ஓட்டினா கொஞ்சமாவது கிடைக்க வாய்ப்பு இருக்கு.

சிஎம்பி தப்பா சொல்லலை, நீங்க அனுப்பின ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன், எல்லா ஃபைலையும் எல்லா ஃபைலோடயும் ஒப்பிடற மாதிரி ரெண்டு லூப் இருக்கு. அதுல ஒவ்வொரு ஃபைலும் ஒரு தடவை தன்னோட தானே ஒப்பிடப்படும்! தன்னோட தான் எப்பவும் ஒண்ணுதான், சிஎம்பி ஆமான்னு சொல்லும், ஆர்எம் தூக்கிடும். நீங்க ஒரு இடத்துல பேர் ஒண்ணா இருந்தா விட்டுடுன்னு எழுதியிருக்கீங்க, அதனாலதான் எல்லாம் போகாம சிலது மட்டும் போச்சு. போனது எல்லாம் சிம்லிங்க், அதாவது அசல் ஃபைலைக் காட்டற குறுக்குவழி, வச்சிருந்த போட்டோவாத்தான் இருக்கும், பாருங்க. லிங்க்குக்குப் பேர் வேற, அதனால உங்க சோதனையைத் தாண்டிடுச்சு, ஆனா சிஎம்பி லிங்க்கைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அசல் ஃபைலைத்தான் படிக்கும், அதாவது அசலை அசலோடயே ஒப்பிட்டிருக்கு. அசல் போச்சு, மிச்சம் இருக்கறது எங்கயும் போகாத ஒரு லிங்க்.

ஸ்கிரிப்ட்டை ஓட்டற பேஷ்ல ஒரு சோதனை இருக்கு, மைனஸ் இஎஃப், ரெண்டு பேரும் ஒரே ஃபைலைத்தான் காட்டுதான்னு அது சொல்லிடும், லிங்க்கையும் பிடிச்சுடும். அதை சிஎம்பிக்கு முன்னாடி வைங்க, ஒரே ஃபைல்னா தொடாமத் தாண்டிப் போயிடணும்.

கூடவே ஒண்ணு. சிஎம்பி முடியறப்போ திருப்பிக் குடுக்கற நம்பர் மூணு விதம், 0ன்னா ஒண்ணு, 1ன்னா வேற, 2ன்னா என்னால பார்க்க முடியலை. ஃபைல் இல்லைன்னாலும் டிஸ்க் படிக்க முடியாமப் போனாலும் 2தான். உங்க ஸ்கிரிப்ட்டோட கடைசிப் பகுதியில, 0 இல்லைன்னா வேற ஃபைல்னு எடுத்துக்கிட்டு பேக்கப்ல இருக்கறது மேலயே எழுதற மாதிரி இருக்கு. டிஸ்க் சாகற நிலைமையில இருந்தா 2 வரும், நீங்க அதை 1ன்னு நினைச்சு நல்லா இருக்கற பேக்கப் மேல கெட்டுப்போனதை எழுதிடுவீங்க. 2 வந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நிக்கணும். அப்புறம் ஆர்எம் இருக்கற வரியில இப்போதைக்கு எம்வின்னு மாத்தி, வேற ஒரு ஃபோல்டருக்குத் தள்ளற மாதிரி வைங்க, அதுவும் பேர் மோதினா மேலயே எழுதாம இருக்க மைனஸ் என் போட்டு. ஒரு மாசம் அந்த ஃபோல்டர் அப்படியே கிடக்கட்டும்.